புதுப்பிப்பு: நான் செய்யும் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் சாய்வான கழுத்துக்குழி

கம்பிகளைத் தாங்கும் ட்யூன்-ஓ-மாட்டிக் பிரிட்ஜ் உடலின் மேல் உயரமாக நிற்கும். அந்த உயரத்துக்கு ஈடுகொடுக்க, கழுத்துக்குழியை (கழுத்து உடலில் பொருந்தும் பள்ளத்தை) சமமாகக் குடைந்து, கழுத்தைச் சாய்க்க அதன் அடியில் தகடு வைப்பதா, குழியையே 2 பாகை சாய்வாகக் குடைவதா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் பரிந்துரைத்தபடி சாய்வாகவே குடைந்துவிட்டேன். கழுத்து அசைவின்றி உட்கார்ந்திருக்கிறது.

2 பாகை என்பது 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 3.5 மி.மீ. ஏற்றம். அந்தக் கணக்கில் இரண்டு ஆப்புகளை, இரண்டும் ஒரே சாய்வாக அமைய ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டியே இழைத்து, பிரிட்ஜ் பக்கம் தடித்த முனை வரும்படி உடற்பலகையின் மேல் வைத்து, அவற்றின்மீது எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) டெம்ப்ளேட்டை, அதாவது குழியின் வடிவில் வெட்டிய வழிகாட்டிப் பலகையைப் பொருத்தினேன். இதனால் அதன்மேல் ஓடும் ரவுட்டரே (மரம் குடையும் சுழல்கருவி) சாய்ந்து ஓடுவதால், குழியின் தரை பிரிட்ஜ் பக்கம் ஆழம் குறைந்தும் உடலின் விளிம்பில் ஆழம் கூடியும் அமைவதோடு, பின்சுவரும் அதே அளவு சாய்ந்து, கழுத்தின் அடிமுனையோடு இடைவெளியின்றி ஒட்டிக்கொள்கிறது. தகடு வைத்திருந்தால் இந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காமல், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய 3 மி.மீ. மட்டுமே இறக்கினேன். முழு ஆழத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே கழுத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஃபிரெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின்) மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். அதன் முனை, ஏறக்குறைய முழுவதும் இறக்கிய பிரிட்ஜின் தலையை உரசினாற்போல் நின்றது. இனி திருகுத் துளைகள்தான் பாக்கி. நடுக்கோட்டை இரு ஓரக் கம்பிகளுக்கும் நூல் கட்டிச் சரிபார்த்த பிறகே துளையிடுவேன்.