அண்ணனின் வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். எதை வைத்து முடிவு சொல்வது?

சாட்ஸ்வர்த் தங்கை:

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு வயது 44. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நிமோனியா முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். காய்ச்சல் தணிந்துவிட்டது, தானாக மூச்சுவிட நுரையீரலுக்குத்தான் இன்னும் பலம் வரவில்லை. மூளையில் புதிய பாதிப்பு ஏதுமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் நேற்று மருத்துவர் எங்களை அழைத்து, "இவருடைய வாழ்க்கைத் தரம் ஏற்கெனவே குறைவு, மேலும் இழுத்தடிப்பது அவருக்குத்தான் கொடுமை, குடும்பமாகப் பேசிச் சொல்லுங்கள்" என்றார்.

கோப்பில் "படுத்த படுக்கை, பேச்சில்லை, எல்லாவற்றுக்கும் பிறர் உதவி தேவை" என்று எழுதியிருக்கிறது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு என் அண்ணனைத் தெரியாது. சம்மதம் என்றால் கண்களை மேலே உயர்த்துவார். வேண்டாம் என்றால் உதட்டை இறுக்கி முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். லோட்டஸ் எஃப்.எம். வைக்க மறந்துவிட்டால் வீடு இரண்டுபடும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் அவருக்கு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும், வெங்காயம் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது. இருந்தால் உதடு இறுகிவிடும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பெரியண்ணன், "அம்மாவும் அவனும் பட்டது போதும், விட்டுவிடுங்கள்" என்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர்; இத்தனை காலம் மருந்துச் செலவைத் தாங்கியவர் அவர்தான். அம்மா வாய் திறக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். பிழைக்கமாட்டார் என்பதால் நிறுத்தச் சொல்கிறார்களா, ஊனமுற்றவர் என்பதால் நிறுத்தச் சொல்கிறார்களா? இதே நிமோனியா எனக்கு வந்திருந்தால் இப்படிக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்களா?

பீனிக்ஸ் செவிலி (ஓய்வு):

தங்கச்சி, கடைசியாகக் கேட்டாயே, அதை அப்படியே அந்த மருத்துவரிடம் கேள். தயங்காதே.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். குழாயை எடுக்கும்போது பலருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து, மருந்துக்கு உடம்பு இனிக் கேட்காது என்றானபின் கருவியை நிறுத்துவது கொலையாகாது. நோய் தன் போக்கில் முடிகிறது, அவ்வளவுதான். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் "இவர் முன்பே நடக்காதவர்" என்பது நோயின் நிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆக்சிஜன் தேவை குறைந்து வருகிறதா, மற்ற உறுப்புகள் எப்படி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தால் மெல்ல மெல்லக் கருவியிலிருந்து விடுவிக்க முடியுமா? இவற்றுக்குப் பதில் வாங்கு. ஒரு கெடு வைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்து, பிறகு மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று கேள். அது வழக்கத்தில் உள்ளதுதான். இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேள்.

படுக்கைப் பற்றாக்குறைதான் காரணமா என்றும் நேராகக் கேட்டுவிடு. 1997-இல் டயாலிசிஸ் கேட்டு வழக்குப் போட்ட நம்மூர் சுப்ரமணி (சூப்ரமணி என்றுதான் பத்திரிகையில் வந்தது) வழக்கில், இருக்கும் இயந்திரங்களைப் பங்கிட அரசு மருத்துவமனைக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் சில நாட்களில் இறந்துபோனார். சரி, பற்றாக்குறை என்றால் பற்றாக்குறை என்று சொல்லட்டும். அதற்குக் கருணை என்று பெயர் வைக்கவேண்டாம்.

மெரிபேங்க் ராஜா:

சகோதரி, நான் உங்கள் பெரியண்ணன் பக்கம். என் மனைவிக்குக் குழாய்விட்டுச் சளி உறிஞ்சும்போதெல்லாம் உடம்பு முழுதும் தூக்கிப்போடும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு "தொடருங்கள்" என்று சொல்ல நாக்கு எழாது. இதே டர்பன் உயர்நீதிமன்றத்தில் 1992-இல் கிளார்க் வழக்கில், நினைவு திரும்பாமல் கிடந்த மருத்துவர் ஒருவருக்குக் குழாய்வழி உணவை நிறுத்த அவர் மனைவிக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த அம்மாள் கணவரை நேசிக்காதவரா?

சக்கரநாற்காலிக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

ராஜா அண்ணா, கிளார்க் தனக்கு அப்படியொரு நிலை வந்தால் உயிரை இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்குச் சுயநினைவும் இல்லை. இந்தச் சகோதரியின் அண்ணனுக்கு வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரிகிறது!

விபத்துக்குப் பிறகு என் பெற்றோரிடமும் இதே "வாழ்க்கைத் தரம்" பேச்சு நடந்தது. அளந்தவர்கள் எல்லாரும் நடக்கிறவர்கள். 2020-இல் கொரோனா பரவியபோது, யாருக்கு வென்டிலேட்டர் என்று முடிவுசெய்ய உடல்தளர்ச்சி அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அன்றாட வேலைக்குப் பிறர் உதவி தேவை என்றாலே மதிப்பெண் மோசமாகிவிடும். எதிர்ப்பு வந்ததும் இங்கிலாந்தில், நிலையான ஊனமுள்ளவர்களுக்கு அதைப் பொருத்தக்கூடாது என்று திருத்தினார்கள். மூளை முடக்குவாதத்தையும் பெயர் சொல்லியே விலக்கினார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ உணவையோ நீரையோ மறுக்கக்கூடாது என்று ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. தென்னாப்பிரிக்கா 2007-இலேயே அதை ஏற்றுக்கொண்டது.

மெரிபேங்க் ராஜா:

தம்பி, உடன்படிக்கை வலியைப் போக்காது. ஆனால் அவருக்கு விவரம் தெரியும் என்றால், அவரைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக்கூடாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சாட்ஸ்வர்த் தங்கை:

அவரை எப்படிக் கேட்பது? மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெரியண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

பீனிக்ஸ் செவிலி (ஓய்வு):

முடியாது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் வரிசை இருக்கிறது: வாழ்க்கைத்துணை, பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளைகள், அதற்குப் பிறகுதான் உடன்பிறந்தோர். உன் அண்ணன் யாருக்கும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை என்றால் உன் அம்மாவின் சொல்தான் முன்நிற்கும். அவரைக் கூட்டத்தில் உட்காரவைத்து, நீ பக்கத்தில் இரு. முடிந்தால் நோயாளியையும் கலந்துகொள்ளவேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

தினமும் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பார்களா என்று பணியிலிருக்கும் செவிலியிடம் கேட்டு, அந்த நேரத்துக்குப் போ. கண்ணை உயர்த்தினால் சம்மதம், உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினால் மறுப்பு என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டு. அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கும் தெரியவேண்டும்.