முதல் தளத்துக்காரரின் இரண்டு பீப்பாய்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் தரை தெரியக் கிடந்தன. எங்கள் ஆழ்துளைக் கிணறு ஏப்ரலிலேயே காற்றை மட்டும் இறைக்கத் தொடங்கிவிட்டது. 16 வீடுகள் கொண்ட அடுக்ககம். நான் மூன்றாம் தளம். ஒருநாள் விட்டு ஒருநாள் 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்துவிட்டால் அன்று எங்களுக்குத் தீபாவளி. சம்ப்பில் இறக்கிய தண்ணீரை மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் குழாயில் விடுவோம்.

முதல் தளத்தில் ஒருவர். பெயர் வேண்டாம், இன்னும் அதே படிக்கட்டில்தான் இருவரும் ஏறி இறங்குகிறோம். லாரி வந்த நாளில் குழாய் திறந்த உடனே 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டை நிரப்பிக்கொள்வார். மற்ற குடம், வாளியெல்லாம் அதற்குப் பிறகுதான். இதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நிரப்பி முடித்த கையோடு படிக்கட்டில் வந்து நின்று, காலிக் குடத்தோடு இறங்கி வருகிறவர்களிடம், "இந்த ஊர் முடிந்துவிட்டது அம்மா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகிற வழியைப் பாருங்கள்" என்பார். தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பை அவர் தலையாட்டலாக எடுத்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் பேசினார். பிறகு சண்டை. "எல்லோருக்கும் பொதுத் தண்ணீர் சார்" என்றதற்கு, "நானும் எல்லோரில் ஒருவன்தானே?" என்றார். வாட்ஸ்அப் குழுவில் நீளநீளமாக எழுதினேன். அதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம்தான் பதில்.

இதில் கெட்டுப்போனது நான்தான். காலை ஐந்தே முக்காலுக்கே விழிப்பு வந்துவிடும். கீழே பீப்பாயில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் 'தட தட' என்றும், நிறைய நிறையச் சுருதி ஏறியும் கேட்கும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று படுக்கையிலிருந்தே சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். என் காது அவர் வீட்டுக் குழாயில் இருக்கும். ஒருநாள் அவளே, "அம்மா, மாமா பீப்பாய் நிறைந்துவிட்டதா? இப்போது பேசலாமா?" என்று கேட்டாள்.

அன்று இரவு பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அவர் கூடுதலாக எடுப்பது 400 லிட்டர். மீதி 15 வீடுகளுக்கு வகுத்தால் வீட்டுக்கு 27 லிட்டர்கூட வரவில்லை. 15 லிட்டர் குடத்தில் இரண்டு குடம்கூட முழுதாக இல்லை! அதுவும் இரண்டு நாளைக்கு. இதற்காகவா இத்தனை காலைகளைக் கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. அவர் செய்தது சரியாகிவிடவில்லை. தவற்றின் அளவு தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொன்னேன். கழிவறைக்கு மட்டும் கால் மணி நேரம் குழாய். சமையலுக்கும் குளியலுக்கும் நேராகச் சம்ப்பிலிருந்து வீட்டுக்கு 12 குடம். அந்தக் கால் மணி நேரத்தில் பீப்பாயின் அடிதான் நனையும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக் கணக்கு வைத்தான். அவனிடம் யாரும் வம்பு பேச முடியாது, பையன் அப்படி. மூன்று மாடி தூக்கிய இடுப்பு வலி இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த வரிசை! நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பாட்டி தெலுங்கில் பாடுவார் என்பதே எனக்குத் தெரிந்தது. ஏழு வருடம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன்.

அவரும் வரிசையில் வந்து நின்றார், வாயை மட்டும் மூடவில்லை. ஜூன் 20 அன்று மழை பெய்தபோது எல்லோரும் வாளியோடு மொட்டை மாடிக்கு ஓடினோம். "இது நிற்காது என்று நினைக்காதீர்கள்" என்றார். நின்றுவிட்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. "ஊருக்குத் தினம் பல கோடி லிட்டர் வேண்டும். இது எந்த மூலைக்கு?" என்றார். கணக்கில் அவர் சொன்னதுதான் சரி. எனக்கு அப்போது கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். "சரிதான் சார், குடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்றேன்.

இந்த இடத்தில் அவருக்கும் ஒரு சோகக் கதை இருந்தது, தெரிந்ததும் நான் உருகிப்போனேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. நல்ல வேலை, நல்ல பிள்ளைகள். சுபாவம் அப்படி.

உங்களுக்கு வாய்த்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

*

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் முதல் தளத்துக்காரர் எங்கள் வார்டுக்குத் தினமும் வருகிறார், வேறு வேறு உருவத்தில். ஆரஞ்சுப் பழம் நான்கு வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதேபோல்தான் வந்தது. மூன்றே நாள்" என்று ஆரம்பிப்பார்கள். நோயாளியின் முகம் அப்படியே வற்றிப்போகும். ஆரம்பத்தில் கத்துவேன். கத்தினால் அவர்கள் போகும்வரை என் நாடித்துடிப்பைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பிளாஸ்க்கைக் கையில் கொடுத்து, "அண்ணா, வெந்நீர் வாங்கி வந்துவிடுங்கள், அவசரம்" என்பேன். கேன்டீன் அடுத்த கட்டடத்தின் கோடியில் இருக்கிறது. திரும்பி வருகிறவர் பெரும்பாலும் வேறு மனிதராக வருகிறார். வேலை செய்துவிட்டோம் என்ற நிறைவில், "நன்றாகத் தேறிவிடுவார்" என்று சொல்லிவிட்டே போனவர்கள் உண்டு. எல்லோரும் அல்ல. ஓர் அத்தை வெந்நீரோடு வந்து நான்காவது கதையையும் சொன்னார்.

*

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறேன், ஒரு வழிக்கு 69 கி.மீ. ஒரு கூட்டம் கைக்குட்டை போட்டு நான்கு இடத்தைப் பிடித்து வைக்கும். இரண்டு வருடம் அவர்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு இரண்டு பெட்டி தள்ளி ஏறத் தொடங்கினேன். அங்கேயும் உட்கார இடம் கிடைப்பதில்லை, ஆனால் நின்றுகொண்டே தூங்க முடிகிறது.

*

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, என் மாமியாரை 15 வீடுகளுக்கு வகுக்க முடியாது. பெட்டி மாறி ஏறவும் முடியாது. வெந்நீர் வாங்கி வரச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

நாங்கள் ஈரோடு பக்கம், ஒரே வீட்டில் 9 பேர். என்ன செய்தாலும் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கும் வீடு இது. கோலம் போட்டால் புள்ளி கோணல், போடாவிட்டால் சோம்பேறி. 'நல்லதையே நினை' என்று சொல்லாதவர்கள் இல்லை. நினைப்பதை யார் பார்க்கப் போகிறார்கள், சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். ஆசையாக எதையாவது சொன்னால் அன்று மாலைக்குள் அதைச் சிரித்தே கொன்றுவிடுவார்கள். தையல் வகுப்பு அப்படித்தான் போனது. அதனால் சொல்வதை நிறுத்தினேன். மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கப் போகிறேன், காக்கை வரும், காவல் இருக்க வேண்டும் என்றேன். முறத்துக்கு அடியில் குரூப் 4 தேர்வுக்கான புத்தகம். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த வற்றலை இரண்டு கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கலாம். தேர்வு எழுதியதை முடிவு வந்த பிறகுதான் சொன்னேன். "பரவாயில்லை, வற்றலும் நன்றாகத்தான் இருந்தது" என்றார் மாமனார். அவருக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது.

மாமியார் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்.

*

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் எல்லோரும் சொல்கிற அந்த ஆள் நான்தான். ஓய்வு பெற்றவன், கும்பகோணம். உள்ளதை உள்ளபடி சொல்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. மாலையில் டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்வோம். காவிரியில் இந்த வருடம் தண்ணீர் வராது, வந்தாலும் கடைமடைக்குப் போகாது, போனாலும் அறுவடை நேரத்தில் மழை வந்து கெடுக்கும், இப்படித்தான் என் பேச்சு. ஒருநாள் கவனித்தேன். நான் தெருமுனையில் வரும்போதே டீ மாஸ்டர் எனக்கு டீயைத் தயாராக ஆற்றி வைக்கிறார். மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். சீக்கிரம் குடித்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக என்று பக்கத்துக் கடைக்காரர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

இப்போது உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியத்தை மட்டும் நல்லதாகச் சொல்ல முயல்கிறேன். இரண்டாவது வாக்கியம் இன்னும் என் கட்டுப்பாட்டில் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: டீயை ஆற்றி வைக்காமல் யாராவது நேராகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், ஆனால் முன்பே தெரிந்திருக்கும்.

*

முதலில் எழுதியவள்தான் மீண்டும். கும்பகோணத்து ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு முதல் தளத்துக்காரரிடம் நேராகவே சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினேன். கதவைத் திறந்ததும், "இந்த நேரத்தில் வந்திருக்கிறீர்கள், ஏதாவது கெட்ட செய்தியா?" என்றார். சொல்ல வந்ததை மறந்து சிரித்துவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை, காப்பி கொடுத்தார்.

ஈரோட்டுத் தங்கைக்கு: உண்மைதான், என் கணக்கு உங்கள் வீட்டில் செல்லாது. வற்றல் எந்த வற்றல் என்று மட்டும் எழுதுங்கள்.

அந்தப் பீப்பாய்கள் இரண்டும் இப்போது மொட்டை மாடியில் இருக்கின்றன. ஒன்றைப் பாதியாக அறுத்து மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். இந்த வெயிலில் பட்டுப்போய்விடும் என்று வாரம் ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார். போகும்போது இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறார்.