அப்பாவின் பழைய சாகா கார்: உயரத்தை இறக்கலாமா, அப்படியே விடலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அப்பா வாங்கிய 1988 புரோட்டோன் சாகா 1.3 காடி இப்போது எனக்கும் தம்பிக்கும் பொது. எனக்கு அது பழையபடியே இருக்க வேண்டும். அதே 13 அங்குல ரிம், அதே கார்புரேட்டர், பெட்டி மாதிரியான அந்த உடம்பு. அப்பா அதில்தான் எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப் போனார். தம்பிக்கோ ஸ்பிரிங் மாற்றி உயரத்தை இறக்க வேண்டும், 15 அங்குல ரிம் போட வேண்டும். அவன் ரசனையைக் குறை சொல்லமாட்டேன். அவன் கூட்டாளிகளின் காடிகள் உண்மையிலேயே அழகு.

ஆனால் வீட்டுக்குப் போவது செம்மண் பாதை. செம்பனை லாரிகள் போட்ட பள்ளம் வேறு. இறக்கினால் எண்ணெய்த் தொட்டி அடிவாங்குமே என்று பயமாக இருக்கிறது.

கண்ணாடிக் கறுப்பில் மட்டும் சமாதானமாகிவிட்டோம். மலேசியாவின் 2019 விதிப்படி முன் கண்ணாடியில் 70, முன்பக்கவாட்டில் 50 விழுக்காடு வெளிச்சம் நுழைந்தால் போதும். பின்பக்கம் அவன் இஷ்டம்.

பழைய சாகாவைக் கொஞ்சமாக இறக்கி, தோட்டப் பாதையில் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு இறக்கினீர்கள்? அப்புறம், ஈப்போ பக்கம் நல்ல கார்புரேட்டர் கிடைக்கும் பழைய சாமான் கடை தெரிந்தால் சொல்லுங்கள். தீபாவளிக்குள் வேலையை முடிக்க வேண்டும்.