தூத்துக்குடி அவுட்டர் ஹார்பர் நெசமாவே வருமா, இல்ல எல்லாம் கேரளாவுல இருக்க விழிஞ்சம் துறைமுகத்துக்குப் போயிருமா?

உப்பளத்தான்:
வணக்கம் மக்களே. 2024 பிப்ரவரில பிரதமர் வந்து அவுட்டர் ஹார்பருக்கு (இப்ப இருக்க போர்ட்டுக்கு வெளிய கடல்ல கட்டப்போற புது துறைமுகம்) அடிக்கல் நாட்டுனாரு, 7,056 கோடின்னாங்க. 2025 செப்டம்பர்ல கொச்சி ஷிப்யார்டும் மசகான் டாக்கும் இங்க கப்பல் கட்டும் தளம் போட தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டாங்க, ஆளுக்கு 15,000 கோடியாம். ஆனா நடுவுல மே மாசமே விழிஞ்சத்த தொறந்தாச்சு. என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கப் போறான், வெளியூர் போகாத, ஊர்லயே போர்ட் வேலை கொட்டப் போவுதுன்னு சித்தப்பா சொல்லுதாரு. நம்பலாமா? துறைமுகத்துல இருக்கவங்க சொல்லுங்க.

கண்டெய்னர் அண்ணாச்சி:
நான் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்கேன் தம்பி. நம்ம போர்ட் கடலுக்குள்ள ரெண்டு பக்கமும் சுமார் 4 கிலோமீட்டருக்கு கல்லக் கொட்டி உண்டாக்கினது, ஆழம் வேணும்னா தோண்டித்தான் ஆகணும். 2024ல தொறந்த புது டெர்மினல்லயே டிராஃப்ட் (கப்பல் தண்ணிக்குள்ள முங்குற ஆழம்) 14 மீட்டர் சொச்சம்தான், விழிஞ்சத்துல இயற்கையாவே 18லருந்து 20 மீட்டர், சர்வதேச கப்பல் பாதையும் 10 நாட்டிக்கல் மைல்லயே போவுது, அதான் 24,000 கண்டெய்னர் பெட்டிக்கு மேல ஏத்துற எம்எஸ்சி ஐரினாங்கிற கப்பல் அங்க போய் நின்னுச்சு.

ஆனா சரக்கு யார்ட்ட இருக்கு? திருப்பூர் பனியன், கரூர் பெட்ஷீட் எல்லாம் நம்ம கேட்டுக்குள்ளதான வருது. விழிஞ்சத்துல நடக்கிறது பெரும்பாலும் ஒரு கப்பல்ல எறக்கி இன்னொண்ணுல ஏத்துற வேலை. ரயிலுக்கு பாலராமபுரம் வரைக்கும் 10.7 கிலோமீட்டர் போடணும், அதுல 9 கிலோமீட்டர் சுரங்கம்.

இப்ப எக்ஸ்போர்ட்டருக்கு என்ன கஷ்டம்னா, பெட்டிய சீல் போட்டு கட்-ஆஃப் நேரத்துக்குள்ள போர்ட் கேட்டுக்குள்ள விட்டுருவோம், ஃபீடர்ங்கிற சின்னக் கப்பல் கொழும்புக்கு லேட்டாப் போச்சுன்னா அங்கருந்து வெளிநாடு போற மதர் வெசல்ங்கிற பெரிய கப்பல் போயிரும், பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப் போயிரும், அங்க சரக்கு வாங்குற பையர் பிளேன்ல அனுப்புங்கிறான், அந்தக் காசு யார் தலைல? பெரிய கப்பல் நேரா இங்கயே வரணும்னுதான் அவுட்டர் ஹார்பர் வேணும்ங்கிறோம். அடிக்கல்லப் பாத்து கப்பல் வராது, கப்பல் கம்பெனிக்காரன் சரக்கையும் ஆழத்தையும் கணக்குப் போட்டுத்தான் வருவான்.

கொழும்பு ரவி:
அண்ணாச்சி சொல்றது சரி. எங்கட இலங்கையில அம்பாந்தோட்டைத் துறைமுகத்த பாருங்கோ. 2010ல பெரிய விழா வைச்சுத் திறந்தவை, கப்பல் வரேல்ல, 2017ல 112 கோடி டொலருக்கு 99 வருசக் குத்தகைக்கு சீனக் கம்பெனிட்ட போயிட்டுது. கொழும்புக்கு அப்பிடி ஒரு விளம்பரமும் தேவைப்படேல்ல. இன்னொண்டு, விழிஞ்சத்த நடத்துற அதானிக்கே கொழும்பு மேற்கு முனையத்திலயும் பெரிய பங்கு, அது 2025 ஏப்ரல்ல தொடங்கிட்டுது. எந்தப் பக்கம் பெட்டி போனாலும் அவருக்கு நட்டமில்ல 😄

குமரிக்காரன்:
எல்லாரும் ஆழம் ஆழம்னு பேசுறீங்க, கரையில இருக்கவன யாரும் கேக்கல. 2016ல எங்க குமரி மாவட்டம் இனயத்துல துறைமுகம்னு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் குடுத்துச்சு, 27,500 கோடின்னு பேசுனாங்க, மீனவங்க ரோட்டுக்கு வந்ததும் எங்க மாவட்டத்துலயே இருக்க கோவளம் கீழமணக்குடி பக்கம் மாத்துனாங்க, அங்கயும் எதிர்ப்பு, கடைசில ரெண்டு எடத்துலயும் ஒண்ணும் வரல. விழிஞ்சம் அலைதடுப்புச் சுவருக்கு எங்க பக்கத்து மலையையும் உடைச்சு டாரஸ் லாரில கொண்டு போனாங்க, ரோடு நாசம். வேலை அங்க, குழி இங்க. 2022ல விழிஞ்சம் மீனவங்களே 100 நாளுக்கு மேல போராடுனாங்க, கரை அரிக்குதுன்னு. தூத்துக்குடில இன்னும் சுவர நீட்டுனா திரேஸ்புரம் வள்ளக்காரங்கள்ட்ட யாராவது பேசுனாங்களா?

உப்பளத்தான்:
அண்ணே நியாயமான கேள்வி, எனக்குத் தெரிஞ்சு எங்க தெருவுல யாரும் வந்து கேக்கல. தம்பி விஷயம் சொல்லுங்களேன்.

வெல்டர் பாண்டி:
ஒப்பந்தம் போட்டது வேலைக்கு ஆர்டர் இல்லப்பா. நிலம், சுற்றுச்சூழல் அனுமதி, அப்புறம் டிரை டாக் (தண்ணிய வெளியேத்தி உள்ள கப்பல் கட்டுற பெரிய பள்ளம்) வெட்டுறதுன்னு வருசக்கணக்கா இழுக்கும். மத்திய அரசு 69,725 கோடி கப்பல் கட்டும் பேக்கேஜ் அறிவிச்சிருக்கு, அதும் உடனே சம்பளமா மாறாது. தம்பிய உக்கார வைக்காதீங்க, கொச்சி ஷிப்யார்டுல டிப்ளமோ பசங்களுக்கு அப்ரெண்டிஸ் எடுப்பாங்க, வெப்சைட்ட பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. உதவித்தொகை கம்மிதான், ஆனா நாளைக்கு இங்க யார்டு வந்தா மொதல்ல கூப்பிடறது கப்பல் வேலை தெரிஞ்சவனத்தான். சித்தப்பாட்ட நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.