எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், மூளை, தண்டுவட நரம்பத் தாக்குற நோய்) இருக்கிறவங்களுக்கு வைக்கிற மூளை வேக டெஸ்ட், யாராச்சும் போயிருக்கீங்களா?

தேக்காக்காரி:
கால் மரத்துப்போனா டாக்டர் தட்டிப் பாத்தே சொல்லிடுறாங்க, ஆனா ஆபீஸ் மீட்டிங்ல மூணு பேர் ஒண்ணா பேசுனா நான் பின்தங்கிடுறது யார் கண்ணுக்கும் தெரியல. அதுக்குன்னு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க. முதல்ல எஸ்டிஎம்டின்னு குறிக்கு நம்பர் சொல்ற டெஸ்ட். மேல ஒன்பது குறி, ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 9க்குள்ள ஒரு நம்பர், கீழ வரிசையா வெறும் குறி, அதுக்குரிய நம்பர வாயால சொல்லிட்டே போகணும், 90 செகண்ட்தான். எழுதவும் சொல்வாங்களாம், ஆனா கை நடுங்குனா அது கைக்கு வச்ச டெஸ்டா ஆயிடுமே. சின்னப்புள்ள விளையாட்டுன்னு நெனச்சேன், ஒவ்வொரு குறிக்கும் திரும்பத் திரும்ப மேல பாக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் அவங்க 16 வார்த்தை படிச்சுக் காட்டி, ஞாபகம் இருக்கறத என்னைய சொல்லச் சொன்னாங்க, அதே லிஸ்ட் அஞ்சு ரவுண்டு. முதல் ரவுண்டு பரிதாபம், கடைசில பரவால்ல. உங்களுக்கு மறதின்னு சொல்ல முடியாது, உள்ள போகத்தான் லேட்டாகுது, போனது நிக்குதுன்னாங்க. வீட்ல இத்தன நாளா கவனம் இல்லன்னு திட்டுனாங்க 😏

யீஷூன்வாசி:
அக்கா நீங்க தப்பிச்சீங்க, என் வீட்டம்மாவுக்கு பாசாட்னு காதால கேட்டுக் கூட்டுற டெஸ்ட் வச்சாங்க. டேப்ல மூணு செகண்டுக்கு ஒரு நம்பர் வரும், அத முந்தி வந்த நம்பரோட கூட்டணும். 5, 3 வந்தா 8. அடுத்து 7 வந்தா 10 சொல்லணும், ஆனா வாய்ல 15தான் வரும், ஏன்னா நாம சொன்ன 8தான் காதுல நிக்குது. இப்படி 60 தடவ! கணக்குல கெட்டிக்காரி, பாதில அழுதுட்டா. 70கள்ல தலையில அடிபட்டவங்களுக்காக கொண்டுவந்ததாம், மனுசன படுத்துறதுனாலதான் இப்ப நெறைய எடத்துல எஸ்டிஎம்டிக்கு மாறிட்டாங்க போல. அவளுக்கும் அடுத்த மாசம் எஸ்டிஎம்டிதான், எதாச்சும் தயார் பண்ணணுமா?

தேக்காக்காரி:
படிச்சுட்டு போறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா தூங்கிட்டு காலைல போகச் சொல்லுங்க, கண்ணாடிய மறக்க வேணாம், கண் நரம்பு வீங்கியிருந்தா பார்வையே மார்க்க கொறச்சிடும். சோர்வு, மனச்சோர்வு இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடணும். ஒரு தடவ வாங்குன மார்க்க வச்சு பயப்படாதீங்க, வயசு படிப்பெல்லாம் பாத்துட்டுத்தான் சொல்வாங்க. அடுத்த தடவ எஸ்டிஎம்டில அவங்களோட பழைய மார்க்லேர்ந்து 4 பாயிண்ட் கிட்ட எறங்குனாத்தான் டாக்டர் உத்துப் பாப்பாரு.

ரிப்போர்ட்ட வச்சு ஆபீஸ்ல மீட்டிங் நோட்ஸ முன்னாடியே அனுப்பச் சொல்லிட்டேன், பாஸ் ஒத்துக்கிட்டாரு. வீட்லயும் ஒருத்தர் ஒருத்தரா பேசுங்கன்னு சொல்லியாச்சு, என் பையன் மட்டும் இன்னும் கேக்க மாட்டேங்கிறான்.