செல்ஃப் அட்வகசி: ‘தற்பரிந்துரை’ வேண்டாம், ‘தன்குரல்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் (அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்கள்) தங்கள் விருப்பத்தையும் உரிமையையும் தாங்களே எடுத்துச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘செல்ஃப் அட்வகசி’ (self-advocacy) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘தற்பரிந்துரை’ என்றே பட்டியலில் சேர்த்துவிடலாம், நேர்ச்சொல்தானே?

நேர்ச்சொல்தான். ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. பரிந்துரை என்பதற்குள் பரிவு இருக்கிறது. ஒருவர்மேல் இரக்கப்பட்டு இன்னொருவர் பேசுவதுதான் பரிந்து பேசுவது. வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் வேண்டாம் என்று சொல்லிவருவதே அந்த ஏற்பாட்டைத்தான். எங்கே தங்குவது, யாரோடு பழகுவது, என்ன வேலைக்குப் போவது என்று பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். அந்த மாற்றுத்திறனாளியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதை மாற்ற வந்த சொல்லிலேயே பரிவைக் கொண்டுவந்து வைக்க வேண்டாமே.

‘தன்வழக்காடல்’ நம்மை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிறது. ‘சுயவாதம்’ காதில் சுயநலம் போல விழுகிறது. இரண்டையும் விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு ‘தன்குரல்’. அப்படிப் பேசுபவர் தன்குரலாளர். உரிமைக்காகக் குரல் கொடுப்பது, குரல் எழுப்புவது எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. ‘தன் கையே தனக்கு உதவி’ என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவும் படாது. தற்காப்பு, தற்கொலை போலத் தற்குரல் என்றுதானே புணர வேண்டும் என்று கேட்பீர்கள். இலக்கணப்படி அதுவும் சரிதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பக்கத்திலேயே ‘தற்குறி’ நிற்கிறது. எழுத்தறியாதவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லின் நிழல்கூட இவர்கள்மேல் விழக் கூடாது. ‘தன்’ திரியாமல் நிற்கவும் இலக்கணம் இடம் தருகிறது, அதனால் ‘தன்குரல்’ என்றே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பேச்சு வராதவர்களுக்கு இது பொருந்துமா? படப்பலகையைத் தொட்டுக் காட்டுவதும், முகத்தைத் திருப்பி மறுப்பதும் குரல்தான். விளக்கக் குறிப்பில் அதை எழுதிவிட வேண்டும். அப்புறம், ‘தன்’ என்றால் துணையில்லாமல் என்று பொருளல்ல. ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டு என்கிறது. அந்தத் தகுதியைப் பயன்படுத்தத் தேவையான ஆதரவையும் கூடவே சொல்கிறது. ஒருவர் தன் நண்பரிடம் கலந்து பேசி முடிவெடுத்தாலும் அது அவருடைய சொந்த முடிவுதான்.

1974-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இப்படித் தங்களுக்காகத் தாங்களே பேசும் வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகளின் குழு ஒன்று தனக்குப் பெயர் தேடியது. குறைபாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டுச் சலித்துப்போன ஒருவர், நாங்கள் முதலில் மனிதர்கள் என்றார். அதுவே ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற பெயராயிற்று. பெயரை வைத்தது வல்லுநர்கள் அல்ல, அவர்களேதான்.

அதனால் ‘தன்குரல்’ என்பதையும் உடனே பட்டியலில் ஏற்ற வேண்டாம். நம் குழுவில் பலருக்கு வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகளோடு பழக்கம் உண்டு. ‘தன்குரல்’, ‘எனக்காக நானே’ இரண்டையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, படமும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள். எதைச் சொல்ல எளிதாக இருக்கிறது, எது தங்களைக் குறிப்பதாகப் படுகிறது என்று அவர்கள் சொல்லட்டும். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் சொல்லும் சொல்லை இங்கே எழுதுங்கள், என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.