மொரிஸ் மைனர் 1000: என்னுடைய எஞ்சின் 948 சி.சி.யா, 1098 சி.சி.யா?

கேள்வி (யாழ்ப்பாணம்)
வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்து மொரிஸ் மைனர் 1000 கார் நிற்கிறது. 1958ஆம் ஆண்டுப் பதிவு. பதிவுப் புத்தகத்தில் 948 சி.சி. என்றிருந்ததை நம்பி இங்கிலாந்திலிருந்து 6¼ அங்குலக் கிளட்ச் தட்டை எடுப்பித்தேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது 7¼ அங்குலத் தட்டு. டைனமோ பிடிக்கு மேலே இருக்க வேண்டிய எஞ்சின் இலக்கத் தகட்டையும் காணவில்லை. சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பில் 12ஜி202 என்று இருக்கிறது. புகை அதிகமாக வருவதால் பிஸ்டனும் ரிங்கும் வாங்க வேண்டும். எந்த எஞ்சினுக்கென்று கேட்பது?

பதில் 1
12ஜி202 என்பது 1098 சி.சி. எஞ்சினுக்குரிய ஹெட். மைனரில் அந்த எஞ்சின் 1962இல்தான் வந்தது. எனவே பின்னாளில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள்; 1098க்கே வாங்குங்கள்.

பதில் 2
தம்பி, ஹெட்டை மட்டும் நம்பிக் காசு அனுப்ப வேண்டாம். 948 சி.சி. பிளொக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலின்) மேல் 12ஜி202 ஹெட்டைப் பூட்டி ஓடுபவர்கள் பலர். 7¼ அங்குலக் கிளட்ச் வலுவான சாட்சிதான். கியர் பெட்டியின் வெளிப்புறம் வழவழப்பாக இல்லாமல் வரிவரியாக மேடிட்டிருந்தால் அதுவும் 1098இன் பெட்டியே. ஆனால் பிளொக்கைப் பற்றி முடிவு சொல்வது ஸ்ட்ரோக் அளவுதான், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம். பிளக் துளை சரிவாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளப்பது பிழைக்கும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதும் அடியில் நிற்கும்போதும் பிளொக்கின் மேல் தளத்திலிருந்து ஆழத்தை அளந்து கழித்துப் பாருங்கள். 76.2 மி.மீ. என்றால் 948, 83.72 என்றால் 1098. சிலிண்டர் விட்டத்தையும் குறித்து வாருங்கள்: புதிதில் 948க்கு 62.94, 1098க்கு 64.58 மி.மீ. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய காரா? எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்திருந்தால் தேய்மானம் கடுமையாக இருக்கும்.

கேட்டவர்
ஆம் ஐயா, பல வருடங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ட்ரோக் 83.7 வந்தது. சிலிண்டரின் விட்டம் அடியில் 65.09, மேலே ரிங் உராயும் இடத்தில் 65.25.

பதில் 2
அப்படியானால் 1098தான், சந்தேகமில்லை. அடியில் 65.09 இருப்பது, முன்பே ஒருமுறை சிலிண்டரை 20 தௌ (தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. அதற்கு மேலும் 6 தௌ அளவு தேய்ந்திருப்பதால் வெறும் ரிங் மாற்றுவது வீண் செலவு. புதிதில் இருந்த அளவைவிட 40 தௌ அகலமாகக் கடைய வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பிளொக்கை லேத்துக்குக் கொடுங்கள், ஏனெனில் அந்தப் பிஸ்டனை அளந்துதான் கடைய வேண்டும். மினி காரின் 998 சி.சி. எஞ்சினுக்கும் சிலிண்டர் விட்டம் ஏறக்குறைய இதுவே என்பதால் கடைக்காரர் அதன் பிஸ்டனை எடுத்து நீட்டக்கூடும். அதன் ஸ்ட்ரோக் 76.2; வாங்க வேண்டாம்.